லண்டன் அடுப்பும் நம்மூர் சிலிண்டரும்

திருகோணமலை உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு சகோதரி கேட்கிறார்: "கொன்டெய்னரில் வந்த லண்டன் அடுப்பு ஒன்று வாங்கினேன். நம் சிலிண்டரைப் பூட்டினால் சுவாலை மஞ்சளாக உயர்கிறது, சட்டியெல்லாம் கரி. 'இது இயற்கை எரிவாயு அடுப்பு, சீனக்குடாவிலிருந்து வீட்டுக்கு வீடு குழாயில் காஸ் வரப்போகிறது, அதுவரை சமாளியுங்கள்' என்கிறார் விற்றவர். இணைப்புக்கு 25,000 ரூபாய் முற்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?"

ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். அடுப்பையும் இன்றே கழற்றி வையுங்கள். மஞ்சள் சுவாலை என்றால் காஸ் சரியாக எரியவில்லை. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது, மூடிய குசினியில் ஆளையே கொன்றுவிடும்.

உங்கள் 12.5 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும், அதனால்தான் சிலிண்டரில் அடைக்க முடிகிறது. லண்டன் வீடுகளுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு, அதாவது பெரும்பாலும் மீதேன். நம் ஊர் வெக்கையில் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. கப்பலில் ஏற்ற வேண்டுமானால் மைனஸ் 162 பாகைக்குக் குளிரவைத்து, 600இல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். இறக்கும் இடத்தில் மறுபடி வாயுவாக்கத் தனி முனையம் வேண்டும். இலங்கையில் அதற்கான திட்டம் பேசப்பட்டது கொழும்புப் பக்கம் கெரவலப்பிட்டியில், அதுவும் மின் நிலையங்களுக்காக. சீனக்குடாவில் இருப்பவை வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள். இந்தியாவுடன் பேசப்படும் குழாயும் எண்ணெய்ப் பொருட்களுக்கானதுதான். மேடையில் அறிவிப்பவர்கள் எதற்கான குழாய், யாருக்கு என்று தமிழில் நாலு வரி எழுதி ஒட்டியிருந்தால் இந்த முற்பண வியாபாரம் முளைத்தே இருக்காது. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சரி, அடுப்பை என்ன செய்வது? பின்பக்க லேபிளைப் பாருங்கள். ஜி20 என்றால் மீதேன், ஜி30 அல்லது ஜி31 என்றால் சிலிண்டர் காஸ். ஒரே கன அளவில் சிலிண்டர் காஸுக்கு மீதேனைவிட இரண்டரை, மூன்று மடங்கு வெப்பம். அதனால் மீதேன் அடுப்பில் ஜெட்டின், அதாவது காஸ் பீறி வரும் சிறு திருகின், துளை பெரிது. பர்னரைத் தூக்கினால் உள்ளே அந்தச் சிறிய பித்தளைத் திருகு தெரியும், தலையில் எண் பொறித்திருக்கும். 97 என்றால் 0.97 மில்லிமீற்றர். அதே பர்னருக்குச் சிலிண்டரில் 65 போலத்தான் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லேபிளில் இரண்டு வகைக் காஸும் எழுதியிருந்து, அந்த மொடலுக்கென்றே தயாரிப்பாளர் விற்கும் ஜெட் தொகுதி கிடைத்தால் மாற்றலாம். நாலு ஜெட்டையும் மாற்ற வேண்டும். அவணும் காஸ் என்றால் அதன் ஜெட்டையும். சிறு தணலுக்கான திருகையும் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் தணலைக் குறைக்கும்போது கூடுதலாக எரியும். ரெகுலேற்றரும் நம் சிலிண்டருக்குரியதாக இருக்க வேண்டும். கடைசியில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மாற்றாதீர்கள்.

"துளையை ஈயத்தால் அடைத்துச் சின்னதாகத் துளைத்துத் தருகிறேன்" என்று பாஸ்மார் யாராவது வந்தால் படலையிலேயே திருப்பி அனுப்புங்கள். அப்படிச் செய்த ஜெட் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், துளை முட்டை வடிவில் இருந்தது.

தொகுதி கிடைக்காவிட்டால் அடுப்பை விற்றவரிடமே கொடுத்துக் காசைக் கேளுங்கள். அதுவரை உங்கள் பழைய இரண்டு பர்னர் அடுப்பிலேயே சமையுங்கள்.