பென்டிரைவில் வரும் வீடியோவைத் திறக்கலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில், கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் பென்டிரைவில் கொண்டுவரும் எல்லாவற்றையும் வி.எல்.சி. பிளேயரில் போட்டுப் பார்ப்பது வழக்கம். அந்த பிளேயரில் மெமரி தொடர்பான ஓட்டை இருந்ததென்றும், வீடியோவைத் திறந்தாலே கம்ப்யூட்டர் பிறர் கைக்குப் போய்விடுமென்றும் கடைப் பையன் சொல்கிறான். வீடியோ வெறும் படம்தானே? அது புரோகிராம் அல்லவே?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பையன் சொல்வது பொய்யல்ல, ஆனால் அவன் சொல்லும் அளவுக்கு எளிதில் நடப்பதும் அல்ல. வீடியோ புரோகிராம் இல்லை என்பது சரி. ஆனால் அது வெறும் படமும் இல்லை. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டு வரும் குறிப்புகளின் கட்டு அது. ஏ.வி.ஐ. கோப்பு ஒன்றின் முதல் 4 பைட்டில் அதன் வகைப்பெயர் இருக்கும். அடுத்த 4 பைட்டில் 'என் அளவு இவ்வளவு' என்று எழுதியிருக்கும். அதன் பிறகும் ஒவ்வொரு துண்டும் தன் அளவைத் தானே சொல்லிக்கொண்டு வரும். எழுதியதைச் சரிபார்க்காமல் பிளேயர் நம்பிவிடும் இடத்தில்தான் வினை தொடங்குகிறது.

2019 ஜூனில் வெளிவந்த வி.எல்.சி. 3.0.7 பதிப்பில் அடைக்கப்பட்ட ஓட்டைகளில் இரண்டு உங்களுக்குப் பொருந்தும். ஒன்று ஏ.வி.ஐ. கோப்பைப் படிக்கும் பகுதியில் இருந்தது; ஒதுக்கிய மெமரி இடத்தின் எல்லையை மீறும் வகை அது. 200 இலைக்கான பந்தியில் 300 பேர் உட்கார, மிஞ்சியவர்கள் பக்கத்துக் கூடத்துக்குள் சரிவது போன்றது. மற்றொன்று எம்.கே.வி. என்ற இன்னொரு வகைக் கோப்பைப் படிக்கும் பகுதியில், சுருக்கி வைக்கப்பட்ட கூடுதல் தகவலை விரிக்கும் இடத்தில் இருந்தது. இதற்கு 'டபுள் ஃப்ரீ' என்று பெயர். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் குறைபாடு சிறியது, விளைவு பெரியது.

உங்களுக்குப் பழக்கமான கல்யாண மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே அறைகளை ஒதுக்கும் மேனேஜர், ஒரு வீட்டார் காலி செய்தவுடன் 'மூன்றாம் அறை காலி' என்று நோட்டில் எழுதுகிறார். சற்று நேரம் கழித்து, முன்பே எழுதியதை மறந்து, அதே அறையை இன்னொரு முறை காலி என்று எழுதிவிடுகிறார். இப்போது நோட்டுப்படி இரண்டு காலி அறைகள். உண்மையில் இருப்பது ஒன்றுதான். அடுத்து வரும் பெண் வீட்டாருக்கும் அதற்கடுத்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரே சாவி போகும். கம்ப்யூட்டரின் மெமரியிலும் இதுவே நடக்கிறது. பிளேயர் தான் அடுத்துச் செய்ய வேண்டியதைக் குறித்துவைத்த இடமும், கோப்பிலிருந்து வரும் தகவலைக் கொட்டும் இடமும் ஒன்றாகிவிட்டால், குறிப்பின் மேல் கோப்பின் எழுத்து ஏறிவிடும். கோப்பைத் தயாரித்தவன் கெட்டிக்காரனாக இருந்தால், பிளேயர் அதன் பிறகு அவன் சொன்ன வேலையைச் செய்யும்.

வி.எல்.சி.யை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பே தன் அறிவிப்பில், பிளேயர் நின்றுபோகலாம் அல்லது பயனருக்குள்ள உரிமையுடன் பிறர் கட்டளைகள் ஓடலாம் என்று ஒளிக்காமல் சொன்னது. மெமரியில் இடங்களை ஒவ்வொரு முறையும் கலைத்துப்போடுவது போன்ற தடுப்புகள் இன்றைய விண்டோஸில் இருப்பதால், பெரும்பாலும் முதலாவதுதான் நடக்கும். ஆனால் அந்தத் தடுப்புகளையும் தாண்டுவோர் உண்டு.

அடுத்த மாதமே, அதாவது 2019 ஜூலையில், வி.எல்.சி.யில் 10க்கு 9.8 மதிப்புள்ள அபாயம் என்று ஒரு செய்தி பரவியது. நானும் பதறிப்போய், வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அதை நீக்கினேன். பிறகுதான் குறைபாடு வி.எல்.சி.யில் அல்ல, அது பயன்படுத்தும் ஒரு துணை நூலகத்தின் (புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தப் புரோகிராம் தொகுப்பின்) பழைய பதிப்பில் இருந்தது என்றும், ஓராண்டுக்கும் முன்பே சரிசெய்யப்பட்டது என்றும், புகார் தந்தவர் பழைய நூலகம் இருந்த லினக்ஸில் சோதித்தார் என்றும் தெரிந்தது. அவசரப்பட்டதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

எனவே உங்கள் கடைக்கு வி.எல்.சி. எதிரி அல்ல, பழைய வி.எல்.சி.தான் எதிரி. 'ஹெல்ப்' மெனுவில் 'அபவுட்' என்பதைத் திறந்தால் பதிப்பு எண் தெரியும். 3.0.7க்கு முந்தையது என்றால் இன்றே மாற்றுங்கள். பிந்தையது என்றாலும் அதே மெனுவில் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். 2022இல் வீடியோலேன் தளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்தக் காலத்தில் ஏதோ ஒரு தளத்திலிருந்தோ நண்பரின் பென்டிரைவிலிருந்தோ நிறுவியிருந்தால், அதை நீக்கிவிட்டு அசல் தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள்.

வாடிக்கையாளர் பென்டிரைவைப் பார்க்க, அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத தனி யூசர் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விபரீதம் நடந்தாலும் அந்தக் கணக்கின் எல்லைக்குள் நிற்க வாய்ப்பு அதிகம். முடித்த கல்யாணங்களின் ஹார்ட் டிஸ்கை அந்த நேரத்தில் கழற்றிவையுங்கள். ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்தவுடன் பிளேயர் படக்கென்று மூடிக்கொண்டால், மறுபடி மறுபடி அழுத்திப் பார்க்காதீர்கள்.

கேள்வி: காசிமேட்டில் வலை வியாபாரம் செய்கிறேன். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லா வீடியோவும் போனுக்குத்தான் வருகிறது. எனக்கும் இந்தக் கவலை வேண்டுமா?
— வாசகர், காசிமேடு

பதில்: வேண்டும். 2015இல் ஆண்ட்ராய்டு போன்களின் மீடியா நூலகமான 'ஸ்டேஜ்ஃப்ரைட்'டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓட்டைகள் வெளிவந்தன. எம்.எம்.எஸ். ஆக வந்த வீடியோவை நீங்கள் திறக்காவிட்டாலும், முன்னோட்டம் காட்டுவதற்காகப் போன் தானே அதைப் படிக்கும் என்பதுதான் அன்று எல்லோரையும் கலங்கவைத்தது. உங்கள் போனின் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். அது இரண்டு மூன்று ஆண்டுகள் பின்தங்கியிருந்து, கம்பெனியும் புதியதை அனுப்பவில்லை என்றால், வங்கிக் கணக்கை அந்தப் போனில் வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட ஓட்டைகளே வராமல் பிளேயரை எழுத முடியாதா?
— கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: வி.எல்.சி. 1996இல் பிரான்ஸில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. எழுதப்பட்டது பெரும்பாலும் சி மொழியில். அந்த மொழியில் மண்டப மேனேஜர் வேலையை எழுதுபவரே பார்க்க வேண்டும். ரஸ்ட் போன்ற மொழிகளில், காலியான அறையை மறுபடி காலி என்று எழுதும் வரியை, எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் 'கம்பைலர்' என்ற புரோகிராம், மாற்றும் கட்டத்திலேயே நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை இத்தகைய மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், பாதுகாப்புக் குறைபாடுகளில் மெமரி வகையின் பங்கு 2019இல் இருந்த 76 சதவீதத்திலிருந்து 2024இல் 24 சதவீதமாகக் குறைந்ததாக கூகுள் கூறியிருக்கிறது. ஆனால் வீடியோவை விரிக்கும் பகுதிகள் வேகத்துக்காக இன்னும் பெரும்பாலும் சி மொழியிலும், கம்ப்யூட்டரின் சொந்த மொழிக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியிலும்தான் எழுதப்படுகின்றன. அவை முழுவதும் மாற நீண்ட காலமாகும்.