யூரியா எறிந்த புல்லை எத்தனையாம் நாள் அறுக்கலாம்?

மட்டக்களப்பு வெல்லாவெளியில் இரண்டு கறவை மாடு வளர்க்கும் தங்கச்சி ஒருவர் கேட்கிறார்: “கால் ஏக்கரில் சீஓ-3 தீவனப் புல் நிற்கிறது. அறுத்த கையோடு யூரியா எறிவோம். பத்து நாளில் கறுகறுவென்று வருகிறது. அதை அறுத்துப் போட்டால் மாடு கழிகிறது. பசளை கொண்டுவரும் ஆள் இன்னும் கூட்டிப் போடச் சொல்கிறார். போடலாமா?”

வேண்டாம். யூரியா எறிந்து மூன்று, நான்கு கிழமை போகாமல் அறுக்காதீர்கள். அந்தக் கறுப்புப் பச்சை சத்தல்ல. வேர் உறிஞ்சிய நைதரசன் இன்னும் புரதமாக மாறாமல் தண்டில் நைத்திரேற்றாகக் கிடக்கிறது. அது கூடினால் மாட்டுக்கு நஞ்சு. இளம்புல்லில் தண்ணீரும் அதிகம், அதனால்தான் கழிச்சல். கொஞ்சம் வைக்கோல் கலந்து கொடுங்கள், நெல் விளையும் நம் படுவான்கரையில் வைக்கோலுக்கா பஞ்சம்?

கால் ஏக்கருக்கு, ஒரு அறுவடைக்குப் பத்துக் கிலோ போதும். மணல் தரை என்றால் ஐந்தைந்தாகப் பிரியுங்கள்: அறுத்து ஒரு கிழமையில் பாதி, அடுத்த பத்து நாளில் மீதி. முந்திய அறுப்பிலிருந்து 45ஆம் நாள் அறுக்கலாம். எறிந்ததும் தண்ணீர் விடுங்கள். ஈரத் தரையில் மேலாகக் கிடந்தால் குனிந்து பாருங்கள், மூக்கை அரிக்கும். அந்த வாசம் காற்றில் போகும் உங்கள் காசு.

இப்போது அந்த ஆளுக்கு வருகிறேன். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது பிரித்த மூடையில் விற்கப் பழகியவர்கள் இன்னும் விடவில்லை. தைத்த மூடை தவிர எதையும் வாங்காதீர்கள். சந்தேகமா, ஒரு சிட்டிகையைப் பழைய கரண்டியில் வைத்து வெளியில் நன்றாகச் சூடாக்குங்கள். யூரியா உருகி ஒன்றும் மிஞ்சாமல் போகும். உப்போ சுண்ணாம்போ கலந்திருந்தால் கரண்டியில் தங்கும். கூடவே ஒரு போத்தல் ‘பால் கூட்டும் புல் டொனிக்’ நீட்டுவார். யூரியா புல்லைத்தான் கூட்டும், பாலை அல்ல.

நான் சொன்ன நாள் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. கச்சான் என்னும் வறண்ட காற்றில் வாடிய புல், ஐப்பசியின் முதல் மழைக்குத் திடீரென்று தளிர்க்கும். யூரியா போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தாலும் அந்தப் புல்லை நம்பாதீர்கள். வாடியபோது வளர்ச்சி நின்று, தரையில் கிடந்த நைதரசன் மழையோடு ஒரே மூச்சில் தண்டுக்குள் ஏறியிருக்கும். ஒரு கிழமை, பத்து நாள் பொறுங்கள். பொறுக்க வழியில்லையா, அடித்தண்டை விட்டு உயர அறுங்கள், நஞ்சு அடியில்தான் கூட. வைக்கோலால் மாட்டின் பசியை ஆற்றிய பிறகே கொஞ்சமாகப் போடுங்கள். அறுத்த புல்லைக் குவித்து இரவு வைக்காதீர்கள், சூடேறினால் இன்னும் மோசம்.

மாடு மூச்சிரைத்து, தள்ளாடி, முரசு (பல் ஈறு) நீலம்பாரித்தால் உடனே மிருக வைத்தியர். ஊசி ஏற்ற வேண்டும், கைவைத்தியம் உதவாது. ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் யார் வருவார் என்று கேட்காதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு என் தொண்டை காய்ந்துவிட்டது.

அப்புறம், யூரியா அள்ளிய வாளியில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்காதீர்கள். வெறும் மூடையையும் மாடு நக்காத இடத்தில் கட்டி வையுங்கள்.