செல்வாக்கு யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு மருத்துவர் இருப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினரை நேரில் பார்த்துச் சொல்லலாம் என்று கூப்பிட்டால், ‘நமக்கு என்ன செல்வாக்கு இருக்கிறது?’ என்று கேட்டுத் தெருவே ஒதுங்கிக்கொள்கிறது. இவர்களை எப்படிக் கிளப்புவது?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் தெருவார் சொன்ன அந்தச் சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம். செல்வாக்கு என்றால் செல்லும் வாக்கு. சொன்னால் எடுபடுகிற சொல். வாக்கு என்பதற்குத் தமிழில் சொல் என்றும் பொருள் உண்டு, ஓட்டு என்றும் பொருள் உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் வெற்றி 49 வாக்குகளில் முடிவானது. தபால் வாக்குகளில் எவை செல்லும், எவை செல்லாது என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தையும் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. ஐம்பது ஓட்டுகூட இல்லாத தெரு உங்கள் ஊரில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். செல்லுகிற வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு செல்வாக்கு இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பக்கத்தில் நான் பலமுறை சண்டை போட்ட விஷயம் ஒன்று உண்டு. காதணி விழாவுக்கு அழைப்பிதழ் வைக்கவும், கல்லூரி இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கவும் உறுப்பினரின் வீட்டு வாசலுக்குப் போகத் தயங்காத நாம், ஊர்க் காரியம் என்றதும் ‘யாரையாவது பிடித்துத்தான் போக வேண்டும்’ என்கிறோம். அப்படிப் பிடிக்கப்பட்ட ஆள் உள்ளே போய் என்ன சொன்னார் என்பது வெளியே நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. கைப்பேசியில் எழுதினால் போதாதா என்று கேட்கும் வாசகர்களோடும் எனக்கு நெடுநாள் வழக்கு இருக்கிறது. எழுதுங்கள், தவறில்லை, ஆனால் எழுதியதைத் தள்ளி வைக்கலாம், எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற நான்கு பேரைத் தள்ளி வைப்பது எளிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதிப் பெண்கள் ஐவர் மாலைப் பேருந்துக்காகச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனபோது நானும் உடன் சென்றேன். உதவியாளர் ‘மனுவைக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்றார், அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு உறுப்பினர் வந்ததும், அவர்களில் கட்டட வேலைக்குப் போகும் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். ஆறு பத்து வண்டி வந்த நேரத்தை, வராத நாளை, ஒரு மாதம் முழுவதும் தம் மகளைக் கொண்டு பென்சிலால் எழுத வைத்திருந்தார். பதினொரு நாள்களுக்கு எதிரே ‘வரவில்லை’ என்று இருந்தது. மனுவை அவர் படித்தாரா என்பதை நான் கவனிக்கவில்லை; நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், அங்கிருந்தபடியே பணிமனை மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தார். மறுவாரமும் வண்டி ஒழுங்காக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை அதே ஐவரும் அதே நோட்டோடு போன பிறகே வந்தது.

ஆகவே தெருவையே கிளப்ப முயன்று நீங்கள் சோர்ந்துவிட வேண்டாம். இரண்டு பேர் போதும். ஒருவர் அந்த நிலையத்தில் காத்திருந்து திரும்பிய நோயாளியாக இருந்தால் இன்னும் நல்லது. மருத்துவர் இல்லாத நாளையும் நேரத்தையும் மூன்று வாரம் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினரால் எது முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு போவதும் அவசியம். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் அவர் கட்டடத்துக்குப் பரிந்துரைக்கலாமே தவிர, மருத்துவரை நியமிக்க அதில் இடமில்லை. ‘நிதி இல்லை’ என்ற பதிலோடு நீங்கள் திரும்பக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சுகாதாரத் துறையின் மாவட்ட அதிகாரியிடம் அவர் கேட்கலாம். பணியிடம் காலியாக இருந்தால் அமைச்சரிடம் பேசலாம், சட்டமன்றத்தில் கேள்வியாகவும் எழுப்பலாம். இந்த மூன்றில் எதைச் செய்வார் என்று கேளுங்கள். சாலை, தெருவிளக்கு, ரேஷன் கடை எல்லாவற்றையும் அதே நாளில் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள்.

‘பார்க்கிறேன், அம்மா’ என்று அவர் சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று மரியாதையாகக் கேட்டு, அவர் கண்ணெதிரிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் காலை மீண்டும் போக வேண்டும். அப்போது, இன்று வர மறுத்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி அந்தப் பக்கத்தைக் காட்டிக் கூப்பிடுங்கள்.