டீப் யூடெக்டிக் கரைப்பானில் வேகவைத்தும் குளுக்கோஸ் வரவில்லையா? கழுவுவதை மாற்றிப் பாருங்கள்

கரைப்பானில் வெந்த வைக்கோலின் முதல் கழுவலுக்கு வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். கோலின் குளோரைடு, லாக்டிக் அமிலக் கலவையில் (இதுதான் அந்த டீப் யூடெக்டிக் கரைப்பான், அதாவது தனித்தனியே உருகுவதைவிடக் குறைந்த சூட்டிலேயே திரவமாகும் கலவை) வைக்கோலை 120 டிகிரி செல்சியஸில் வைத்தீர்கள், திரவம் கறுத்துவிட்டது, ஆனாலும் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும் நொதியான செல்லுலேஸ் போட்டால் சர்க்கரை வரவில்லை என்கிறீர்கள். வைக்கோல் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் கரைந்திருக்கிறது, சரி. ஆனால் அந்தக் கரைப்பானில் நிறையத் தண்ணீர் சேர்ந்ததுமே லிக்னின் வீழ்படிவாகி நாரின் மேலேயே திரும்பப் படியும், நொதி அதில் ஒட்டிக்கொண்டு வீணாகும்.

எத்தனாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து, வடிநீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கள். அப்புறம் தண்ணீர்.

பஃபர் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) சேர்த்த பிறகு பி.எச். அளந்தீர்களா? நாரில் தங்கிய லாக்டிக் அமிலம் பஃபரையே கீழே இழுத்துவிடும். 5-க்குச் சற்றுக் கீழே, 4.8 போல இருக்க வேண்டும். அதே நொதியைச் சுத்தமான செல்லுலோஸ் தூளிலும் ஓட்டிப் பாருங்கள், அதில் நன்றாக வந்தால் நொதியில் குறை இல்லை.

கழுவிய நாரைச் சூட்டடுப்பில் (oven) உலர்த்தவே கூடாது. நுண்துளைகள் மூடிக்கொள்ளும், மறுபடி நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. ஈரமாகவே எடுத்துக்கொண்டு, ஒரு சிறு பகுதியை மட்டும் உலர்த்தி ஈரப்பதத்தைக் கணக்கிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எத்தனாலை வடித்து மீட்காவிட்டால் இதைப் பசுமை முறை என்று சொல்ல முடியாது. கரைப்பானையும் மீட்டுப் பயன்படுத்தலாம், ஆனால் சூட்டில் லாக்டிக் அமிலம் எஸ்டர் என்ற வேறு சேர்மமாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.