நொதியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

கேள்வி: சிறிய அளவில் ரொட்டி தயாரிக்கிறேன். மாவில் சேர்க்க வாங்கும், மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதி, மரபணு மாற்றிய நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது என விற்பனையாளர் தந்த தாளில் இருக்கிறது. இதைப் பாதுகாப்பானது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லலாமா? என்ன ஆவணம் கேட்க வேண்டும்?

பதில்: அந்த நொதியை உருவாக்கிய குறிப்பிட்ட நுண்ணுயிர்த் திரிபு (ஓர் இனத்துக்குள் தனி வகை) மதிப்பிடப்பட்டிருந்தால் சொல்லலாம். ஆல்ஃபா அமைலேஸ் என்ற ஒரே பெயரில் பூஞ்சையில் விளைந்ததும் பாக்டீரியாவில் விளைந்ததும் விற்கப்படுகின்றன. ஒன்றுக்குக் கிடைத்த ஒப்புதல் மற்றதற்குப் பொருந்தாது.

மரபணு மாற்றிய நுண்ணுயிரில் நொதி தயாரிக்கும் முறை புதியதன்று. பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கும் கைமோசின் நொதியை, மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து உணவில் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1990-இலேயே அனுமதித்தது. அன்று முதல் மதிப்பீட்டாளரின் கவலையெல்லாம் நொதியைக் காட்டிலும் அதனுடன் சேர்ந்து வரக்கூடிய எச்சங்களைப் பற்றியதுதான்: உயிருள்ள செல்கள், செருகிய மரபணுத் துண்டுகள், அந்த நுண்ணுயிர் சுரக்கும் நச்சுகள். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் தாங்கும் மரபணு அதில் இருந்தால் கவலை இரட்டிப்பாகும்.

ஆகவே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உற்பத்தித் திரிபின் உயிர்ச்செல்களோ டி.என்.ஏ-வோ மிஞ்சவில்லை என்பதற்குக் குறைந்தது 3 தனித்தனித் தொகுதிகளின் (ஒரே முறையில் தயாரான சரக்கு ஒரு தொகுதி) சோதனை முடிவுகளைக் கேட்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: பேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் வித்துகளாக உறங்கிக் கிடக்கக்கூடியவை என்பதால், அவற்றை முளைக்க வைக்காமல் செய்த சோதனையில் எதுவும் வளரவில்லை என்றாலும் அதை ஏற்க முடியாது. ஜெர்மனியில் 2014-இல், தீவனத்துக்கான வைட்டமின் பி2 சரக்கில் மரபணு மாற்றிய பேசில்லஸ் சப்டிலிஸ் உயிரோடு கண்டறியப்பட்டது. நொதி அல்லாவிட்டாலும், பாடம் இதற்கும் பொருந்தும்.

நச்சுத்தன்மைக்கு மரபணுப் பாதிப்புச் சோதனைகளும் எலிகளில் 90 நாள் ஆய்வும் வழக்கம். நெடுநாள் அனுபவத்தால் பாதுகாப்பானதென ஏற்கப்பட்ட இனங்களுக்கு இவை தளர்த்தப்படலாம். பிறகு கணக்கு எளிது. உதாரணத்துக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கொடுத்தும் எலிகளுக்குத் தீங்கில்லை, மனிதர் உண்பது அதே கணக்கில் 0.5 மில்லிகிராம் என்றால், இடைவெளி 2000 மடங்கு. இங்கு அளக்கப்படுவது தூய நொதி மட்டுமன்று, நீர், சாம்பல், கலப்புப் பொருட்கள் நீங்கலாக எஞ்சும் மொத்தக் கரிமத் திண்மம். ஒவ்வாமைக்கு, நொதியின் அமினோ அமில வரிசை அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதங்களோடு ஒப்பிடப்படுகிறது. 80 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டில் 35 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் மேலும் ஆராய்வார்கள்.

விற்பனையாளரிடம் திரிபின் பெயரும், நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் அதற்குத் தரப்பட்ட எண்ணும், எந்த அமைப்பு எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த அளவுக்கு மதிப்பிட்டது என்பதும், நீங்கள் வாங்கும் தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்றிதழும் கேளுங்கள். சான்றிதழில் 25 கிராமில் நோய் உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியா இல்லை என்றும், ஈயம் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டவில்லை என்றும் இருக்க வேண்டும். "மரபணு மாற்றமற்றது" என்ற வாசகம் இவற்றில் எதற்கும் மாற்றாகாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்பவரைவிட, நொதித் தூளை அளந்து கொட்டும் உங்கள் பணியாளருக்கே ஆபத்து அதிகம். பூஞ்சை அமைலேஸ் தூசியை மூச்சோடு இழுப்பதால் ரொட்டித் தொழிலாளருக்கு ஆஸ்துமா வருவது நன்கு அறியப்பட்டது. நுண்ணுயிரின் மரபணு மாற்றப்பட்டதா இல்லையா என்பது இதில் வேறுபாடு செய்யாது. தூளுக்குப் பதிலாகத் திரவ வடிவிலோ தூசி எழாத மணிகளாகவோ கிடைத்தால் அதையே வாங்குங்கள்.