துர்கைம், வெபர், பண்பாடு: சமூகவியல் புதிதாகப் படிப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: தற்கொலை ஒருவர் தனியாக எடுக்கும் முடிவு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் அதை ஏன் சமூகவியலுக்குள் கொண்டுவந்தார்?

தனி முடிவு போலத் தெரிவதால்தான். இதிலேயே சமூகத்தின் பங்கைக் காட்டிவிட்டால் மற்றவற்றுக்கு வாதாடவே வேண்டாம் அல்லவா? 1897-ல் வெளியான அவருடைய ‘தற்கொலை’ நூலுக்கு ஐரோப்பிய நாடுகளின் அரசுப் புள்ளிவிவரங்களே ஆதாரம். போன ஆண்டு இறந்தவர்கள் வேறு, இந்த ஆண்டு இறந்தவர்கள் வேறு. ஆனால் ஒரு நாட்டின் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறவில்லை; நாட்டுக்கு நாடுதான் மாறியது. தனி மனிதர்களின் துயரத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்டுகளிடம் விகிதம் அதிகம். பிள்ளைகுட்டியோடு வாழ்பவர்களைவிடத் தனித்திருப்பவர்களிடம் அதிகம். பிணைப்பு தளரும் இடத்தில் ஆபத்து கூடுகிறது என்றார் அவர். பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்ல, திடீரென்று செழிக்கும்போதும் விகிதம் ஏறியது. எவ்வளவு கிடைத்தால் போதும் என்று சொல்லும் பழைய அளவுகள் அப்போது குலைந்துபோகின்றன. இந்த நிலையைத்தான் ‘அனோமி’ என்கிறார்.

கத்தோலிக்க ஊர்களில் தற்கொலை பாவம் என்பதால் வேறு காரணம் எழுதிப் பதிந்திருக்கலாமே என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இது விகிதத்துக்கான விளக்கம். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் மரணத்துக்கு இதைத் தீர்ப்பாக வைக்காதீர்கள்.

கேள்வி: மார்க்ஸுக்குப் பொருளாதாரம், வெபருக்கு மதம். இப்படி எழுதலாமா?

எழுதாதீர்கள். முதலாளித்துவ மனப்பான்மை எப்படி வளர்ந்தது என்பதுதான் ஜெர்மன் சமூகவியலாளர் வெபரின் கேள்வி. மீட்பு யாருக்கு என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவினரான கால்வினியரின் நம்பிக்கை. தாம் அதில் உண்டா என்ற அச்சம் அவர்களைத் தொழிலில் கடும் ஒழுங்குக்குத் தள்ளியது. தொழில் வெற்றியை நல்ல அடையாளமாகப் பார்த்தார்கள். ஆடம்பரமும் கூடாது, ஆகவே சேர்ந்த பணம் மறுபடி தொழிலுக்கே போனது. 1904-05-ல் வெபர் சொன்னதன் சாரம் இது. பொருளாதாரக் காரணத்தை நீக்கிவிட்டு அங்கே மதத்தை வைப்பது தன் நோக்கமில்லை என்று அவரே முடிவில் தெளிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கடைசிப் பக்கங்களைப் படிக்காமல்தான் பலர் இருவரையும் மோதவிடுகிறார்கள்.

கேள்வி: பண்பாடு என்றால் கலை, இலக்கியம்தானே?

அவையும் உண்டு. மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871-லேயே அறிவு, நம்பிக்கை, சட்டம், வழக்கம் என்று சமூகத்தில் ஒருவர் கற்றுக்கொள்ளும் எல்லாவற்றையும் அதற்குள் சேர்த்துவிட்டார். பசி எடுப்பது உடல் சார்ந்தது. எதை, எந்தக் கையால், யாரோடு உட்கார்ந்து உண்பது என்பது பண்பாடு.

கேள்வி: பாடத்தில் எல்லாரும் ஆண்களாகவே இருக்கிறார்களே. தொடக்க காலத்தில் பெண்களே இல்லையா?

இருந்தார்கள், பாடத்திட்டங்கள்தான் விட்டுவிட்டன. ஹேரியட் மார்ட்டினோவைப் படியுங்கள். இங்கிலாந்துக்காரர், இளவயதிலேயே காது கேட்கும் திறன் குறைந்தவர். 1834 முதல் 1836 வரை அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்து, அடுத்த ஆண்டே நூல் வெளியிட்டார். எல்லா மனிதரும் சமம் என்று அறிவித்த நாடு அடிமை முறையை வைத்திருக்கிறதே, பெண்களுக்கு அரசியலில் இடமே தரவில்லையே என்று அந்நாட்டின் சொந்தக் கொள்கையையே அளவுகோலாக்கிக் கேட்டார். சரி, அப்புறம்? பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒகுஸ்ட் கோம்ட்டின் ஆறு தொகுதி நூலை 1853-ல் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தவரும் அவர்தான். அந்தச் சுருக்கம் கோம்ட்டுக்கே பிடித்திருந்தது. பிற்பாடு அதைத் திரும்பவும் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுபோனார்கள்.