பருத்த பட்டியல், மெலிந்த சதவீதம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் ‘சென்னை இந்த முறையும் கோட்டைவிட்டது’ என்று எழுதுகிறார்கள். நாங்கள் அவ்வளவு அலட்சியக்காரர்களா? (வேளச்சேரி வாசகி)

பதில்: இடைவெளி பெரியதுதான். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் வாக்குப்பதிவு 81 சதவீதம். தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54-ஐ ஒட்டி. ஆனால் அதில் அலட்சியம் எவ்வளவு, வாக்காளர் பட்டியலின் கோளாறு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பூத்தில் 1,000 பெயர், வந்தவர்கள் 540 என்றால் 54 சதவீதம். அந்த ஆயிரத்தில் இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என 150 பேரைக் கழித்தால், அதே 540 பேர் 63.5 சதவீதம் ஆகிவிடுவார்கள்.

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மிகுந்த ஊரில் இந்த 150 எளிதாகச் சேரும். வடபழனியிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபோனவர் முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்காவிட்டால், வடபழனிக் கணக்கில் அவர் ‘ஓட்டுப் போடாதவர்’. 2025 டிசம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் (எஸ்.ஐ.ஆர்.) வரைவுப் பட்டியல் வெளியானபோது மாநிலம் முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். விடுபட்டவர்களில் அதே வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. எப்படியானாலும், மெலிந்த பட்டியலின் சதவீதத்தை 2021 சட்டமன்றத் தேர்தலின் சதவீதத்தோடு வைத்து ‘விழிப்புணர்வு கூடிவிட்டது’ என்று முடிவுகட்டக் கூடாது. பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம் கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அதற்குத் தொடர் விடுமுறையைக் காரணம் சொல்வார்கள். 2024-இல் வாக்குப்பதிவு வெள்ளிக்கிழமை, சரி. 2021-இல் செவ்வாய்க்கிழமை, அப்போதும் சென்னை மாவட்டம் 59-ஐத் தொடத்தான் திணறியது. யாரும் கதவைத் தட்டாததுதான் இதைவிடப் பெரிய காரணம். கிராமத்தில் மதியத்துக்குமேல் பூத் முகவரின் பட்டியலில் டிக் விழாத பெயர்களைத் தேடி ஆள் போகும். அடுக்குமாடியில் காவலாளியைத் தாண்டி பூத் சிலிப்பே உள்ளே போவதில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998-இல் கெர்பர், கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்துச் சோதித்தார்கள். வீட்டுக்கே போய்ப் பேசியது வாக்குப்பதிவைக் கூட்டியது. தொலைபேசி அழைப்பு கூட்டவில்லை. விழிப்புணர்வுக்காகச் செல்ஃபி பாயின்ட் வைப்பவர்கள் கவனிக்கலாம்.

கேள்வி: மக்கள் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்களா, சின்னத்தைப் பார்த்தா? (சங்கரன்கோவில் வாசகர்)

பதில்: எந்தத் தேர்தல் என்பதைப் பொறுத்தது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. அங்கே ஆள், தெரு, உறவுமுறை, சொந்தப் பகைதான் பேசும். சட்டமன்றத்துக்குச் சின்னமும் கூட்டணியும் முதலில். சாதிக் கணக்கைக் கட்சிகளே முன்கூட்டிப் போட்டுவிடுகின்றன: தொகுதியில் பெரும்பான்மையாக உள்ள சமூகத்திலிருந்தே இரு அணியும் ஆளை நிறுத்தினால், அந்தக் காரணம் ஏறக்குறைய அடிபட்டுப்போகும். ஆளின் எடை தெரிவது நெருக்கமான போட்டியில். 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 வாக்குகள். அங்கே ஒரு தெருவின் கோபமே முடிவை மாற்றும்.

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இரு பக்கமும் கொடுக்கும் இடத்தில் பணம் வெற்றியைத் தருவதைவிட, கொடுக்காதவரைப் போட்டியிலிருந்து தள்ளிவிடுகிறது என்பதே என் கணிப்பு. பட்டுவாடா புகாரால் 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை இரட்டை இலையைத் தோற்கடித்தார். சின்னமும் எல்லா நாளும் காப்பாற்றாது.

கேள்வி: வேட்பாளர்களை ஒப்பிட நம்பகமான ஆவணம் உண்டா? (காரைக்குடி வாசகர்)

பதில்: வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொத்தச் சொத்து எத்தனை கோடி என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். முதலில் ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 6 லட்சம் வருமானம் காட்டியவர் அதே காலத்தில் 2 கோடிக்கு நிலம் வாங்கியிருந்தால் கடன் பத்தியில் விளக்கம் இருக்கிறதா? நிலத்துக்கு வாங்கிய விலையும் இன்றைய மதிப்பும் தனித்தனியே இருக்கும், இரண்டையும் குழப்ப வேண்டாம். வாழ்க்கைத் துணை பெயரிலுள்ள பத்தியைத் தவறவிடாதீர்கள். வழக்குகளில் எண்ணிக்கையைவிடப் பிரிவும் கட்டமும் முக்கியம். சாலை மறியல், தடையை மீறிக் கூடுதல் போன்றவை போராட்ட அரசியலில் சேர்ந்துகொண்டே போகும். மோசடி, நில அபகரிப்பு, தாக்குதல் வேறு. அவற்றிலும் நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிவு செய்துவிட்டதா என்று பாருங்கள். மறுபடி நிற்பவர் என்றால் பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பதே சிறந்த வழி.

கேள்வி: நோட்டா முதலிடம் பிடித்தால் மறுதேர்தலா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் இல்லை. வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வென்றவர். டெபாசிட்டைத் திரும்பப் பெறத் தேவையான ஆறில் ஒரு பங்கு வாக்குக் கணக்கிலும் நோட்டா சேராது.

கேள்வி: பூத்துக்குப் போனால் ‘உங்கள் ஓட்டு போட்டாயிற்று’ என்கிறார்கள். என்ன செய்வது? (திருவொற்றியூர் வாசகி)

பதில்: திரும்பி வராதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அடையாள அட்டையைக் காட்டி, ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்கள். தேர்தல் நடத்தை விதி 49P அந்த உரிமையைத் தருகிறது. அவர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால், படிவம் 17B-யில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சிட்ட வாக்குச்சீட்டு தருவார். முத்திரை குத்தி, மடித்து, அவரிடமே கொடுக்க வேண்டும். தனி உறையில் வைப்பார். வழக்கமான எண்ணிக்கையில் இது சேராது. முடிவை எதிர்த்து யாராவது வழக்குப் போட்டு நீதிமன்றம் கேட்டால்தான் உறை பிரியும். இயந்திரத்தில் போட அனுமதிக்க மாட்டார்கள். அதற்காக அலுவலரிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை, விதியே அப்படி.